ஒரு கட்டத்தில் ஒரு பெயர்தான்

போன செவ்வாய்க்கிழமை இரவு 11.42க்கு எங்கள் சங்க மண்டபத்தின் முன்பதிவு சர்வரின் லாகில் (நடப்பதை எல்லாம் நேரத்தோடு பதிந்து வைக்கும் கோப்பில்) 23பி01 என்ற பிழை எண் விழுந்தது. ‘நீ எழுதச் சொல்லும் வரி ஏற்கெனவே இருக்கும் ஒரு வரியோடு மோதுகிறது, ஏற்க மாட்டேன்’ என்று போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் மறுக்கும்போது தரும் எண் அது. பல வாரங்களாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பிழை. அது விழாமல் போயிருந்தால், வரும் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மண்டபத்துக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நின்றிருக்கும். இந்த வருடத்தில் அது மூன்றாவது முறையாக இருந்திருக்கும். எண்ணைப் பார்த்ததும் நடந்ததை எல்லாம் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. சங்கம், கோயில், துணைப்பாட வகுப்பு என்று மாலை நேரத்தில் யாருக்காவது மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இது.

மண்டபம் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது. நடுவில் ஒரு மடிப்புச் சுவர். இழுத்து மூடினால் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அறை. திறந்தால் ஒரே கூடம். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பிறந்தநாள், அரங்கேற்றத்துக்கு முந்தைய ஒத்திகை, சனிக்கிழமை துணைப்பாடம் எல்லாம் அங்கேதான். முன்பதிவு மென்பொருளை நான் தொண்டூழியமாக எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. பைத்தானும் போஸ்ட்கிரெஸும். நடைமுறை இதுதான்: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தை உங்கள் பெயரில் 15 நிமிடம் பிடித்து வைக்கும். பணம் கட்டுவதற்கான பேநவ் கியூஆர் திரையில் வரும். முன்பணம் 200 வெள்ளி கட்டியதும், கட்டணச் சேவையிலிருந்து எங்கள் சர்வருக்கு ஒரு செய்தி வரும், முன்பதிவு உறுதியாகிவிடும். 15 நிமிடத்துக்குள் கட்டாவிட்டால் பிடி விட்டுவிடும், அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முறை நடந்தது வைகாசியில். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அலுவலகத்து அக்கா அழைத்தார். “தம்பி, மேல ஒரு வீட்டுக்காரங்க பலூன் கட்டிக்கிட்டு இருக்காங்க. படிக்கட்டுல இன்னொரு வீட்டுக்காரங்க சீர்த்தட்டோட நிக்கிறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் உங்க சிஸ்டம் அனுப்புன உறுதிக் கடிதம் இருக்கு.” நான் ஈசூனிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அவரே இரு வீட்டாரிடமும் பேசி, மடிப்புச் சுவரை இழுத்து, ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டிருந்தார். மஞ்சள் துணி போர்த்திய பதினொரு தட்டுகள் படிக்கட்டு ஓரமாக இன்னும் வரிசையாக இருந்தன. பெண்ணின் தாத்தா ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். சங்கம் இரண்டு வீட்டாருக்கும் வாடகையைத் திருப்பிக் கொடுத்தது, மொத்தம் 960 வெள்ளி. பணம் போகட்டும். அந்தப் பெரியவரைப் படியில் உட்கார வைத்தது நான் எழுதிய நிரல். அது எனக்குப் பல நாள் உறுத்தியது.

அன்றிரவே காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். என் நிரல் முதலில் ‘இடம் காலியா’ என்று கேட்கும், காலி என்றால் அடுத்த கட்டளையில் எழுதும். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடலாம். போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பில் (ரீட் கமிட்டட் என்பார்கள்) இது நடக்கக்கூடியதுதான். சரி, பூட்டுப் போட்டுவிடுவோம் என்று, இடத்தின் வரியைப் பூட்டிவிட்டுப் பிறகு பார்க்கும்படி மாற்றினேன். ஒரே நொடியில் 200 கோரிக்கைகளை அனுப்பும் சோதனை எழுதினேன். ஒன்று மட்டும் ஜெயித்தது, 199 தோற்றன. ஒரு முழு வாரக்கடைசி, சுமார் 11 மணி நேரம். ஓட்டை அடைபட்டது என்று செயலாளர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆனியில் மறுபடி நடந்தது. இந்த முறை இரண்டு நாள் முன்னாலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டார், யாரும் படிக்கட்டில் நிற்க வேண்டியிருக்கவில்லை. முதல் முறைக்கான லாக் அழிந்து போயிருந்தது, நான் ஏழு நாள்தான் வைத்திருந்தேன். இந்த முறை கையில் லாக் இருந்தது. உட்கார்ந்து நேரத்தை எழுதினேன். இரவு 9.02க்கு முதல் குடும்பம் பிடித்து வைத்தது. 9.14க்குப் பணம் கட்டியது. 9.17க்குப் பிடி விட்டது, ஏனென்றால் பணம் வந்த செய்தி இன்னும் எங்களுக்கு வரவில்லை. 9.20க்கு இரண்டாவது குடும்பம் பிடித்து, உடனே கட்டி, 9.22க்கு உறுதி வாங்கியது. 9.37க்கு முதல் குடும்பத்தின் செய்தி வந்தது, 23 நிமிடம் கழித்து. என் நிரல் யோசிக்காமல் அவர்களுக்கும் ‘உறுதி’ என்று எழுதியது. இரண்டு சொடுக்குகள் ஒரே நொடியில் மோதிக்கொள்ளவே இல்லை. நான் போட்ட பூட்டு வேறு கதவில் இருந்தது.

செய்தி வரும்போது பிடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிபந்தனை சேர்த்தால் இதுவும் அடைபடும். பத்து நிமிட வேலை. ஆனால் வைகாசியிலும் நான் இதே அளவு உறுதியாகத்தான் இருந்தேன். நான் யோசித்துப் பார்க்காத இன்னொரு வழி இல்லை என்று எனக்கு யார் சொல்வது? அந்தக் கேள்வி விடவில்லை.

அந்த வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து தேக்காவில் வாங்கிய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். மென்பொருள் வருவதற்கு முன் பயன்பட்ட நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு வாரம், நாளுக்கு மூன்று கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒரு விரல் அகலம். “இதுல இப்படி ஆனதே இல்ல தம்பி. ஒரு கட்டத்துல ஒரு பேரு எழுதத்தான் இடமிருக்கு. இன்னொரு பேரு எழுதணும்னா முதல் பேரை அடிச்சாகணும். அடிக்கும்போதே கண்ணுல பட்டுரும்.” அந்த நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் தரவுத்தள அட்டவணையில் அப்படி ஒரு கட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுகிறவர்கள் ஒழுங்காகப் பார்த்து எழுதுவார்கள் என்று நம்பியிருந்தேன். எழுதுகிறவர்களோ மூன்று பேர்: இணையப் பக்கம், அக்காவின் அலுவலகத் திரை, பணம் வந்த செய்தியை வாங்கும் நிரல். பூட்டு முதல் ஆளிடம் மட்டும் இருந்தது.

ஆக இரண்டு வேலை. எது நடக்கவே கூடாது என்று தரவுத்தளத்திலேயே ஒரு முறை எழுதுவது ஒன்று. அதற்கு முன், அது எந்தெந்த வழியில் எல்லாம் நடக்கக்கூடும் என்று ஒரு கருவியைத் தேட விடுவது இன்னொன்று. ஆடி மாதத்தில் மண்டபம் காற்று வாங்கும், முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்தால் கூட்டம் வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

கருவிக்கு முதலில் டிஎல்ஏ பிளஸ் பார்த்தேன். ஒரு அமைப்பு எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிச் சோதிக்கும் மொழி, கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது. அமேசான் பொறியாளர்கள் 2015இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு: டைனமோடிபி என்ற தங்கள் தரவுத்தளச் சேவையில் ஒரு பிழையை அது பிடித்தது, அந்தப் பிழை வெளிப்படக் குறைந்தது 35 படிகள் தேவைப்பட்டன. 35 படியை எந்த மனிதனும் தாளில் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் நான் எடுத்தது அதே வகைக் கருவியான அலாய், எம்ஐடியின் டேனியல் ஜாக்சன் உருவாக்கியது. 1996இல் அவரும் ஜெனட் விங்கும் முன்வைத்த யோசனை எனக்குப் பொருந்தியது: முழு அமைப்பையும் நிரூபிக்கப் போகாதே, ஆபத்தான ஒரு பகுதியை மட்டும் சின்னதாக எழுதி, கருவியைக் கொண்டு சோதி. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருந்தது. அலாய் ஒரே ஜார் கோப்பு. ஜாவா இருந்தால் போதும், இறக்கி ஓட்டலாம், செலவு இல்லை. 2021இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து காலப்போக்கில் மாறும் நிலைகளையும் அதில் நேரடியாக எழுதலாம்.

முதல் மாலை வீணானது. 15 நிமிடப் பிடியை அப்படியே எழுத வேண்டும் என்று கடிகாரத்தையே மாடலில், அதாவது அலாயில் எழுதும் அந்தச் சின்ன வடிவத்தில், வைத்தேன். அலாயில் முழு எண்களுக்கு இயல்பாக 4 பிட்தான், அதாவது கழித்தல் 8 முதல் 7 வரை. 15 அதில் அடங்காது. பிட்டை ஏற்றினால் தேடல் நத்தையாகிறது. இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுப் படுக்கப் போகும்போதுதான் உறைத்தது, எனக்குக் கடிகாரமே தேவையில்லை. ‘பிடி எப்போது வேண்டுமானாலும் விடலாம்’, ‘செய்தி எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்று மட்டும் சொன்னால் போதும். 23 நிமிடத் தாமதமும் மூன்று நாள் தாமதமும் அதற்குள் அடங்கிவிடும். மறுநாள் எண்களை எல்லாம் அழித்தேன், மாடல் பாதியாகச் சுருங்கியது.

மிச்சம் இருந்தவை நான்கு நிகழ்வுகள்: பிடிப்பது, பணம் கட்டுவது, பிடி விடுவது, செய்தி வருவது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கைந்து வரி: எந்த நிலையில் நடக்கலாம், நடந்த பின் என்ன மாறியிருக்கும். கடைசியில் நடக்கக் கூடாதது ஒரே வரியில்: ஒரே இடத்துக்கான இரண்டு முன்பதிவுகள் எந்தக் கணத்திலும் ஒன்றாக உறுதி நிலையில் இருக்கக் கூடாது. இதற்கு எதிர்ச்சான்று, அதாவது இதை மீறும் ஒரு நிகழ்வு வரிசை, தேடு என்று ஓட்டினேன். ஒரு நொடிக்குள் ஒன்றைக் காட்டியது, பார்த்தால் அபத்தமாக இருந்தது. முதல் குடும்பம் பிடிக்கிறது, அதே கணத்தில் இரண்டாவது குடும்பம் பணமே கட்டாமல் உறுதியாகிறது. கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன். கோளாறு என் பழக்கத்தில் இருந்தது. பைத்தானில் ஒரு மாறியைத் தொடாவிட்டால் அது அப்படியே இருக்கும். அலாயில் நீங்கள் சொல்வது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டிய கூற்றுகள். சொல்லாமல் விட்டது எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ‘முதல் ஆள் பிடித்தார்’ என்று சொன்னேனே தவிர, ‘மற்றவர்கள் நிலை மாறவில்லை’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் எது மாறாமல் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

மறுபடி ஓட்டினேன். எதிர்ச்சான்று எதுவும் இல்லை என்றது.

இந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நான் ஏமாற இருந்தேன். என் மாடலில் இருந்தது இன்னும் பழைய, பிழையுள்ள நடைமுறை. ஆனியில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பிழை இல்லை என்று கருவி சொன்னால் கருவியின் பேச்சை எப்படி நம்புவது? சரிபார்ப்பை விட்டுவிட்டு, எந்த நிபந்தனையும் இல்லாமல் ‘ஏதாவது ஒரு ஓட்டத்தைக் காட்டு’ என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றது. அதாவது என் மாடலில் எதுவும் நடக்கவே முடியாது. எதுவும் நடக்காத உலகத்தில் கெட்டதும் நடக்காது, அதனால் சோதனை தேறிவிட்டது. காரணம் இது: அலாய் ஆறில் ஒவ்வொரு ஓட்டமும் முடிவில்லாமல் போக வேண்டும், ஒரு கட்டத்தில் பழைய நிலைக்குத் திரும்பிச் சுழல வேண்டும். என் நிகழ்வுகளோ முன்னோக்கி மட்டுமே போகும். பிடித்தது விடும், விட்டது திரும்பாது, கட்டிய பணம் கட்டியதுதான். எல்லாம் முடிந்த பின் செய்ய ஒன்றும் இல்லை, ஓட்டம் தொடர வழியில்லை. ‘எதுவும் மாறாமல் சும்மா இருக்கலாம்’ என்று ஐந்தாவதாக ஒரு நிகழ்வைச் சேர்த்ததும் சரியானது. அன்றிலிருந்து, சரிபார்க்கும் கட்டளைக்கு முன் வெறுமனே ஓட்டிப் பார்க்கும் கட்டளை இல்லாமல் நான் ஒரு மாடலும் எழுதுவதில்லை.

இப்போது வந்தது அசல் எதிர்ச்சான்று. இரண்டு முன்பதிவு, ஏழு நிகழ்வு, எட்டு நிலை. முதல் ஆள் பிடிக்கிறார், கட்டுகிறார், பிடி விடுகிறது; இரண்டாமவர் பிடிக்கிறார், கட்டுகிறார், செய்தி வந்து உறுதியாகிறார்; கடைசியில் முதல் ஆளின் செய்தி வருகிறது. ஆனி மாத லாகில் நான் கையால் எழுதி வைத்திருந்த அதே வரிசை. அலாயின் காட்சித் திரையில் அடுத்தடுத்த இரண்டு நிலைகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஏழாவது தாவலில் இரண்டு பெட்டிகளும் ஒன்றாக ‘உறுதி’ என்று நிறம் மாறியதைப் பார்த்தபோது, வைகாசியில் நடந்ததும் இதுதான் என்று தோன்றியது. இதுவரை மாடல் 68 வரி. மூன்று மாலை, மொத்தம் எட்டு மணி நேரம். பூட்டுக்குச் செலவழித்ததை விடக் குறைவு.

அடைப்பதற்கு முன் ஒரு கேள்வி எழுந்தது, அதற்கு விடை என்னிடம் இல்லை. பிடி விட்ட பின் பணம் வந்தால் என்ன செய்வது? நான் பாட்டுக்கு ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று எழுதியிருப்பேன். அக்காவிடமும் செயலாளர் ஐயாவிடமும் எட்டு நிலைகளையும் தாளில் வரைந்து காட்டினேன். ஐயா ஏழாவது படத்தில் விரலை வைத்து, “இந்த நேரத்துல இடம் இன்னும் காலியா இருந்தா அவங்களுக்கே குடுத்துருங்க தம்பி, பாவம், காசு கட்டிட்டாங்கல்ல. வேற யாராவது எடுத்துட்டா மட்டும் திருப்பிக் குடுங்க” என்றார். அக்கா இன்னொன்று சேர்த்தார்: திருப்பிக் கொடுப்பதற்கு முன் தான் ஒரு போன் செய்துவிட வேண்டும். வெறும் மின்னஞ்சல் வந்தால் மனசு நோகும். மாடலில் ‘திருப்பித் தர வேண்டியவை’ என்று ஒரு நிலை சேர்ந்தது. கூடவே இரண்டாவது கூற்றும்: செய்தி வந்து சேர்ந்த யாரும் உறுதியிலும் இல்லாமல், திருப்பித் தர வேண்டியவற்றிலும் இல்லாமல் நடுவில் தொலைந்து போகக் கூடாது. இரண்டு கூற்றும் தேறின. மூன்று முன்பதிவு, பத்து படி என்றால் நான்கு நொடி. ஐந்து முன்பதிவு, பதினான்கு படி என்று ஏற்றியபோது மடிக்கணினியின் விசிறி இரைய ஆரம்பித்தது, ஆறு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பெரும்பாலான பிழைகள் சின்ன அளவிலேயே வெளிப்பட்டுவிடும் என்பது அலாயின் அடிப்படை நம்பிக்கை. மூன்றோடு நான் நிறைவடைந்தேன்.

அடுத்து தரவுத்தளம். அக்காவின் நோட்டுக் கட்டத்தை அங்கே கொண்டுவர வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு உண்டு. 2012இல் வந்த 9.2இலிருந்து, தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து ஒரே மதிப்பாக வைக்கும் நேர வீச்சு வகையும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இடம் ஒன்றாகவும், நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாகவும், நிலை ‘பிடிப்பு’ அல்லது ‘உறுதி’ ஆகவும் இருக்கும் இரண்டு வரிகள் இந்த அட்டவணையில் இருக்கக் கூடாது. எப்படிப் பார்ப்பது, எதைப் பூட்டுவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் தேடல் எழுதும்போது நாம் தினமும் செய்வது இதுதான், எது வேண்டும் என்று சொல்கிறோம், எப்படி எடுப்பது என்று சொல்வதில்லை. தடைகளையும் அப்படியே சொல்லலாம் என்று மூன்று வருடம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஐந்து முறை மறுத்த பிறகுதான் அந்த ஒரு கட்டளை உள்ளே போனது. முதல் மறுப்பு: இடத்தின் எண்ணை ஜிஸ்ட் குறியீட்டில் (இந்தக் கட்டுப்பாடு மோதலைத் தேடப் பயன்படுத்தும் இண்டெக்ஸ்) சமமாக ஒப்பிட வழியில்லை என்றது. பிட்ரீ ஜிஸ்ட் என்ற நீட்சியை இயக்கியதும் சரியானது. இரண்டாவது: காலாவதியான பிடிகளை விட்டுவிடலாம் என்று நிபந்தனையில் ‘பிடி முடியும் நேரம் இப்போதைய நேரத்துக்குப் பின்’ என்று எழுதினேன். இப்போதைய நேரம் நொடிக்கு நொடி மாறும் மதிப்பு, குறியீட்டின் நிபந்தனையில் அப்படிப்பட்ட சார்புக்கு இடமில்லை. யோசித்தால் நியாயம்தான், நேற்று எழுதிய குறியீடு இன்று தானாக மாறாது. ஆகவே பிடி விடுவது என்பதை வெளிப்படையான நிலை மாற்றமாக ஆக்கினேன். நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் சிறு வேலை ஒன்று காலாவதியான பிடிகளை ‘விட்டது’ என்று மாற்றும். புதிதாகப் பிடிக்க வருபவரும் அதே பரிவர்த்தனையில் (எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவும் நடக்காத கட்டளைத் தொகுப்பில்) முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் எழுதுவார். அலாய் மாடலில் ‘பிடி விடுவது’ ஏற்கெனவே தனி நிகழ்வாக இருந்ததால் இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மூன்றாவது மறுப்புக்குக் காரணம் பழைய தரவு. இந்த வகைக் கட்டுப்பாட்டை ‘பழையதை விட்டுவிடு, இனிமேல் வருவதை மட்டும் பார்’ என்று சேர்க்க முடியாது, இருப்பது எல்லாம் பொருந்தினால்தான் ஏற்கும். 1,146 வரிகளில் ஐந்து ஜோடிகள் மோதின. இரண்டு ஜோடி நான் சோதனைக்காகப் போட்டு அழிக்காமல் விட்டவை. ஒன்று ஆனியில் நடந்ததன் மிச்சம். மற்ற இரண்டும் ஒரே குடும்பம் ஒரே நேரத்துக்கு இரண்டு முறை பதிவாகியிருந்தது, இரண்டுமே விடிகாலை 4.30 மணிக் கணபதி ஹோமம். அக்காவிடம் கேட்டேன். “பட்டியல்ல காணோம்னு மறுபடி போட்டேன் தம்பி” என்றார். தேதியை நான் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) கணக்கிட்டிருந்தேன். சிங்கப்பூர் 1982 முதல் யூடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால். இங்கே விடிகாலை 4.30 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 8.30. பட்டியலில் அந்த ஹோமம் முந்தைய நாளில் போய் உட்கார்ந்திருந்தது. காலை எட்டு மணிக்கு முன் தொடங்கும் நிகழ்ச்சிகள் குறைவு, அதனால் மூன்று வருடம் யாருக்கும் தெரியவில்லை. இதைச் சரிசெய்தது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உபரி.

நான்காவது, நேர வீச்சின் விளிம்பு. ‘இரண்டு முனையும் சேர்த்து’ என்று எழுதிவிட்டேன். காலை நிகழ்ச்சி 1 மணிக்கு முடிகிறது, மதியம் 1 மணிக்கு இன்னொன்று தொடங்குகிறது. இரண்டும் அந்த ஒரு கணத்தில் மோதுகின்றன. தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸின் இயல்பே அதுதான், நான்தான் வலிந்து மாற்றியிருந்தேன். ஐந்தாவது மறுப்பு என் தட்டச்சுப் பிழை, அதை விடுவோம்.

மடிப்புச் சுவர் தனிப் பிரச்சினை. ‘முழுக் கூடம்’ என்பதை மூன்றாவது இடமாக வைத்திருந்தேன். முழுக் கூடத்தையும் முன்பாதியையும் வேறு வேறு எண்ணாகப் பார்க்கும் தரவுத்தளத்துக்கு, ஒன்று மற்றதற்குள் இருப்பது தெரியாது. அந்த இடத்தையே நீக்கினேன். முழுக் கூடம் கேட்டால் முன்பாதிக்கு ஒரு வரி, பின்பாதிக்கு ஒரு வரி, இரண்டும் ஒரே பரிவர்த்தனையில். ஒன்று மோதினால் இரண்டுமே உள்ளே போகாது.

இதெல்லாம் முடிந்து, மாடலும் நிரலும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்க ஹைப்போதிசிஸ் எடுத்தேன். பைத்தானில் சீரற்ற சோதனைகளை உருவாக்கும் நூலகம். அதில் நிலை மாறும் அமைப்புகளைச் சோதிக்கத் தனி வசதி உண்டு: நிகழ்வுகளை விதிகளாக எழுதிக் கொடுத்தால், அவற்றைக் கண்டபடி வரிசை மாற்றி ஓட்டிப் பார்க்கும், தோற்றால் அந்த வரிசையைச் சுருக்கிக் காட்டும். அலாயின் நிகழ்வுகளையே விதிகளாக எழுதி, ரத்து செய்வதையும் ஒன்றாகச் சேர்த்தேன், உண்மையான போஸ்ட்கிரெஸின் மேல். இரண்டாவது இரவில் ஒன்று விழுந்தது: பிடி, கட்டு, செய்தி, ரத்து, மறுபடி அதே செய்தி. ரத்து செய்து பணமும் திருப்பிக் கொடுத்த முன்பதிவு மீண்டும் உறுதியாகியிருந்தது. சோதனையில் செய்தியைப் பயன்படுத்திய பின் பட்டியலிலிருந்து நீக்க மறந்திருந்தேன், அதனால்தான் அது மறுபடி வந்தது. சோதனையின் பிழைதான் என்று திருத்தப் போனவன், ஒரு சந்தேகத்தில் கட்டணச் சேவையின் ஆவணத்தைப் பார்த்தேன். எங்கள் சர்வர் உரிய நேரத்தில் பதில் தராவிட்டால் அதே செய்தியை மறுபடி அனுப்புவோம் என்று தெளிவாக எழுதியிருந்தது. என் மாடலில் செய்தி ஒரு முறைதான் வரும். நான் உள்ளே வைக்காததை அலாய் எங்கே தேடும்?

மாடலுக்குத் திரும்பினேன். ரத்தைச் சேர்த்து, செய்தி வந்த பின் அதை நீக்கும் ஒரு வரியை எடுத்துவிட்டேன். உடனே அதே எதிர்ச்சான்று. தீர்வும் தரவுத்தளத்தில் ஒரு கூற்றுதான்: ஒரு கட்டண எண் ஒரு முறை மட்டுமே பதிவாகலாம். இரண்டாம் முறை வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடு. இந்த ‘விட்டுவிடு’ கட்டளையை எழுதும்போது அட்டவணையின் எந்தப் பத்தியின் மோதலுக்கு என்று கட்டாயம் பெயர் சொல்ல வேண்டும். பொதுவாக எழுதி அதை முன்பதிவு அட்டவணையிலும் போட்டால், மண்டப மோதலையும் சேர்த்து விழுங்கிவிடும். 23பி01 வரவே வராது, யாருக்கும் எதுவும் தெரியாது.

கணக்கு: பூட்டுக்குப் போன 11 மணி நேரத்தை விட்டுவிட்டால் மொத்தம் 34 மணி நேரம். மாடலுக்கு 12, தரவுத்தளத்துக்கும் பழைய வரிகளைச் சுத்தம் செய்யவும் 14, சோதனைகளுக்கு 8. மென்பொருளுக்குச் செலவு சுழியம். சோதனைக்காக ஒரு மாதம் இன்னொரு சர்வர் எடுத்தது 12 வெள்ளி. நிரலில் 90 வரிக்கு மேல் அழித்தேன், பூட்டு உட்பட. ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் இயக்கத்துக்கு வந்தது.

அடுத்த முறை செய்தால் முதல் நாளே அக்காவோடும் நோட்டோடும் உட்காருவேன். நான் மூன்றாவது வாரத்தில் கேட்ட கேள்விகளை முதல் மாலையே கேட்டிருக்கலாம். வெளியிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் ‘தாமதமாகலாம், இரண்டு முறை வரலாம், வராமலே போகலாம்’ என்றுதான் மாடலில் தொடங்குவேன். தரவுத்தளக் கட்டுப்பாட்டை மாடலுக்கு முன்பே போட்டிருக்கலாம், பழைய தரவின் கோணல்கள் முன்னாலேயே தெரிந்திருக்கும். லாகை இப்போது 180 நாள் வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என்ன ஆனது என்றால், ஒருவர் இரவு 11 மணிக்குக் கட்டிய பணத்தின் செய்தி 11.42க்கு வந்தது. அதற்குள் வேறொரு குடும்பம் அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்து உறுதியும் செய்துவிட்டது. தாமதமாக வந்தவரின் வரி மறுக்கப்பட்டுத் திருப்பித் தர வேண்டியவற்றில் சேர்ந்தது. காலை ஒன்பது மணிக்கு அக்கா அழைத்துப் பேசினார். அவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, முந்தைய நாள் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றுவதற்கு என் மாடலில் நிகழ்வு எதுவும் இல்லை. அக்கா அதை இப்போதைக்கு ஒரு ரத்தாகவும் ஒரு புதிய முன்பதிவாகவும் போட்டிருக்கிறார், பணம் மட்டும் பழைய எண்ணில் நிற்கிறது. இந்த வாரக்கடைசி அந்த ஏழாவது நிகழ்வை எழுத வேண்டும்.